மேபலீன் பாட்டும் மூன்று பெயர்களும்

1955-ஆம் வருஷம் கோடைக் காலத்தில் அமெரிக்க தேசத்து ரேடியோப் பெட்டிகளுக்குள்ளே ஒரு மோட்டார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. பந்தயத்தில் ஓடிய வண்டிகள் இரண்டு. ஒன்று, சாமானிய மனிதன் வாங்கக்கூடிய ஃபோர்டு. மற்றொன்று, தனவந்தர் வீட்டுக் காடிலாக். காடிலாக்கில் போகிறவள் மேபலீன் என்னும் பெண். ஃபோர்டில் துரத்துகிறவன் அவளிடம் ஏமாந்த காதலன். நடு வழியில் ஃபோர்டு வண்டியின் எஞ்சின் கொதித்துப் போகிறது. நல்ல வேளையாக மழை பிடித்துக்கொள்கிறது. எஞ்சின் குளிர்கிறது. கடைசியில் மேட்டின் உச்சியில் ஏழையின் வண்டி பணக்கார வண்டியை எட்டிப் பிடித்துவிடுகிறது. இத்தனை விவகாரமும் இரண்டரை நிமிஷத்துக்குள் முடிந்து, ரேடியோக்காரர் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார்!

இந்தப் பாட்டைக் கட்டிப் பாடியவர் சக் பெர்ரி என்பவர். அப்போது அவருக்கு வயது 28. அந்த வருஷத்து வசந்த காலத்தில் அவருடைய பெயர் ஸெயிண்ட் லூயி நகரத்தையும் அதற்கு எதிர்க் கரையையும் தாண்டித் தெரியாது. வருஷம் முடிவதற்குள் பத்து லட்சம் இசைத்தட்டுகள் விற்றுவிட்டன என்று பேச்சு. கறுப்பர், வெள்ளையர் என்ற பேதமின்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் அவர் பெயரை உச்சரித்தார்கள்.

சினிமாக் கதைபோல் இருக்கிறதல்லவா? ஆனால் அந்த இசைத்தட்டின் நடுவே ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பாட்டை இயற்றியவர் என்ற இடத்தில் ஒரு பெயர் இல்லை. மூன்று பெயர்கள் இருந்தன. அவற்றில் இரண்டு பெயருக்கு உரியவர்கள் அந்தப் பாட்டில் ஓர் அடியும் எழுதியவர்களல்லர். அந்த இரண்டு பெயர்களும் நீங்குவதற்கு முப்பத்தொரு வருஷம் பிடித்தது. புகழ் வந்த கதையும் பொருள் போன கதையும் ஒரே கதையாக இருப்பதால்தான் இதை நேயர்களுக்குச் சொல்லப் புகுந்தோம்.

பிள்ளைப் பிராயம்

சார்லஸ் எட்வர்டு ஆண்டர்ஸன் பெர்ரி 1926-ஆம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி மிஸ்ஸூரி மாகாணத்து ஸெயிண்ட் லூயி நகரில் பிறந்தார். அவர் குடும்பம் இருந்த பகுதிக்கு 'வில்' என்று பெயர். ஓரளவு வசதியும் படிப்பும் உள்ள கறுப்பர் குடும்பங்கள் கூடி வாழ்ந்த இடம் அது. தகப்பனார் தச்சு வேலையும் கட்டட வேலையும் எடுத்துச் செய்கிறவர். பாப்டிஸ்ட் மாதாகோவிலில் மூப்பர். வீட்டில் பக்திப் பாட்டுக்குக் குறைவில்லை.

சக் படித்தது ஸம்னர் உயர்தரப் பள்ளிக்கூடம். மிஸ்ஸிஸிப்பி நதிக்கு மேற்கே கறுப்பர் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட முதல் உயர்தரப் பள்ளி அதுவே. 1941-ல் அந்தப் பள்ளியின் கலை நிகழ்ச்சி ஒன்றில் இவர் மேடையேறி, ஊர்க் களியாட்ட விடுதிகளில் வழங்கிய ஒரு காதல் 'புளூஸ்' பாட்டைப் பாடினார். மாணாக்கர்கள் ஆர்ப்பரித்தார்கள்; உபாத்தியாயர்கள் முகம் சுளித்தார்கள். உபாத்தியாயர் தொழிலில் இருக்கும் நாம் அந்த முகச் சுளிப்பை எளிதில் மனக்கண்ணால் பார்க்க முடிகிறது. ஆனால் அன்று கிடைத்த ஆர்ப்பரிப்புத்தான் அந்தப் பையனுக்கு, 'ஜனங்களுக்கு என்ன வேண்டும்' என்ற பாடத்தின் முதல் பக்கம்.

அடுத்த பக்கம் நல்லதாக இல்லை. 1944-ல், படிப்பு முடியுமுன்பே, கூட்டாளிகளுடன் கான்ஸாஸ் நகரப் பக்கம் போய்க் கொள்ளையில் ஈடுபட்டு அகப்பட்டுக்கொண்டார். இளங் குற்றவாளிகளைத் திருத்தும் சிறையில் மூன்று வருஷம் கழிந்தது. அங்கே நால்வர் சேர்ந்து பாடும் கோஷ்டி ஒன்றை அமைத்தார். குத்துச் சண்டையும் பழகினார். தம்முடைய இருபத்தோராவது பிறந்த நாளன்று, 1947-ல் விடுதலை பெற்றார். மறு வருஷம் கல்யாணம். மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்புக் கட்டடத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை, தகப்பனாரோடு தச்சு வேலை என்று பலவும் செய்து பார்த்தார். சிகையலங்காரமும் முறையாகக் கற்றார். அவர் கற்ற 'போரோ' கலாசாலை, ஆனி மலோன் என்ற கறுப்பு மாது தம் சொந்த முயற்சியால் வளர்த்த ஸ்தாபனம். 1950-ல் விட்டியர் வீதியில் ஒரு சிறு செங்கல் வீடு வாங்கினார். பிற்காலத்தில் அமெரிக்க அரசாங்கமே அதைச் சரித்திரச் சின்னங்களின் ஜாபிதாவில் சேர்த்தது.

ஆக, சங்கீதம் அவருக்குப் பக்க வருமானம். குழந்தைக்குப் பால் வாங்க வேண்டும். வீட்டுக் கடன் தவணை கட்ட வேண்டும். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். பின்னால் அவர் பணத்தில் காட்டிய கடுமையின் வேர் இங்கேயும் கொஞ்சம் இருக்கிறது.

மூன்று அலமாரிகள்

அந்த நாள் அமெரிக்காவில் இசைத்தட்டு வியாபாரம் நடந்த விதத்தைச் சொல்லாவிட்டால் மேபலீன் செய்த காரியம் விளங்காது. கடையில் மூன்று அலமாரிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் 'பாப்' என்ற பொது ஜனப் பாட்டு. பொது ஜனம் என்றால் வெள்ளையர் என்று அர்த்தம். இரண்டாவதில் நாட்டுப்புற வெள்ளையர்களின் பிடிலும் கிதாரும் கலந்த பாட்டு. மூன்றாவது, கறுப்பர்களின் பாட்டு. 'பில்போர்டு' என்ற வியாபாரப் பத்திரிகை வாரந்தோறும் விற்பனைப் பட்டியல் வெளியிடும்; பட்டியலும் மூன்றுதான். மூன்றாவது பட்டியலுக்கு 'இனப் பாட்டு' என்றே பெயர் இருந்தது. 1949-ல்தான் அந்தப் பெயர் அழகில்லை என்று கருதி 'ரிதம் அண்டு புளூஸ்' என்று மாற்றினார்கள். பெயர் மாறியது, அலமாரி மாறவில்லை.

மூன்றாவது அலமாரியில் ஒரு நல்ல பாட்டு உதித்தால் அதை முதல் அலமாரிக்குக் கொண்டுபோக ஒரு வழி உண்டு. வெள்ளைக்காரப் பாடகர் ஒருவரைக் கொண்டு அதே பாட்டைச் சற்றுப் பதப்படுத்திப் பாடச் செய்து விற்பது. 1955-ஆம் வருஷத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஃபாட்ஸ் டாமினோ என்ற கறுப்புப் பாடகர் 'எயின்ட் தட் எ ஷேம்' என்ற பாட்டை வெளியிட்டார். பாட் பூன் என்ற வெள்ளை வாலிபர் அதையே திருப்பிப் பாடினார். பொதுப் பட்டியலில் பூன் முதல் இடத்துக்குப் போனார். அசல் பாடகர் பத்தாவது இடத்தோடு நின்றார். நிழல் முன்னே போக, உருவம் பின்னே வந்தது!

இந்தச் சுவர்களைத் தாண்ட வேண்டுமானால் எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரரே திகைக்கும்படியான பாட்டு ஒன்று வேண்டும். அப்படிப்பட்ட பாட்டு ஸெயிண்ட் லூயிக்கு எதிர்க் கரையில் தயாராகிக்கொண்டிருந்தது.

எதிர்க் கரை விடுதி

மிஸ்ஸிஸிப்பி நதிக்கு அந்தப் புறத்தில் கிழக்கு ஸெயிண்ட் லூயி என்ற ஊர். அங்கே 'காஸ்மாபாலிடன்' என்ற விடுதியில் ஜானி ஜான்ஸன் என்பவர் மூவர் கோஷ்டி ஒன்றை நடத்திவந்தார். அவர் பியானோ வித்வான், கூச்ச சுபாவம் உள்ளவர், அதிகம் பேசமாட்டார். 1952-ஆம் வருஷக் கடைசி நாள் இரவுக் கச்சேரிக்கு அவருடைய ஸாக்ஸபோன்காரர் வர முடியாதபடி நோயுற்றுவிட்டார். அவசரத்துக்குக் கிடைத்த ஆள் சக் பெர்ரி.

ஒரு நாளைக்கென்று வந்தவர் அங்கேயே நிலைத்துவிட்டார். சீக்கிரத்தில் கோஷ்டியின் முன்னிலையும் அவரிடம் வந்தது. ஜான்ஸன் அதை ஆட்சேபிக்கவில்லை. அந்த விடுதிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பர். அவர்களுக்கு வழக்கமான புளூஸ் பாட்டுகளை மட்டும் பாடியிருக்கலாம். பெர்ரி அவற்றுக்கு நடுநடுவே வெள்ளைக்காரக் குடியானவர் பாட்டுகளை எடுத்துவிடுவார். முதலில் ஜனங்கள் கேலி செய்து சிரித்தார்களாம். 'யார் இந்தக் கறுப்புப் பட்டிக்காட்டான்?' என்று கேட்டார்களாம். சிரித்தவர்கள் பிறகு எழுந்து ஆடினார்கள். செய்தி பரவி, வெள்ளையர்களும் ஆற்றைக் கடந்து வந்து கேட்கலானார்கள். 

இன்னொரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். நாட் கிங் கோல் என்ற பாடகரிடம் பெர்ரிக்கு மிகுந்த மதிப்பு. கோலைப் போலவே சொற்களைத் தெளிவாக உச்சரிக்க அவர் பழகினார். குடியானவர் பாட்டைப் பாடும்போது குரலை அதற்குத் தக வைத்துக்கொள்வார். புளூஸ் பாடும்போது வேறு குரல். நம் பக்கத்தில் சாஹித்யத்தைச் சிதைத்துப் பாடுகிற சில வித்வான்கள் இந்த மனிதரிடம் ஒரு வாரம் சிக்ஷை சொல்லிக்கொண்டால் நன்றாயிருக்கும்! கிதாரிலும் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. இரண்டு தந்திகளைச் சேர்த்துத் தட்டி, மோட்டார்க் கொம்பு ஊதுவதுபோன்ற ஓர் ஒலியை எழுப்புவார். டீ-போன் வாக்கர் முதலிய முன்னோர்களிடம் கேட்டறிந்த வித்தைதான் அது. ஆனால் அதற்கு வேகத்தை ஊட்டியவர் இவர். ஜான்ஸனுடைய பியானோவின் நடை பல இடங்களில் அந்தக் கிதாருக்குள் புகுந்துகொண்டது என்று சங்கீதம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். இதை மறக்க வேண்டாம். பின்னால் இது நியாயஸ்தலம் வரையில் போகப் போகிறது.

சிகாகோ யாத்திரை

1955 மே மாதத்தில் பெர்ரி சிகாகோவுக்குப் போனார். புளூஸ் உலகில் சக்கரவர்த்தியாக விளங்கிய மடி வாட்டர்ஸின் கச்சேரியைக் கேட்டார். கச்சேரி முடிந்ததும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், 'இசைத்தட்டுக் கொடுக்க யாரைப் பார்க்க வேண்டும்?' என்று கேட்டார். மடி வாட்டர்ஸ், 'லியோனார்டு செஸ்ஸைப் போய்ப் பார்' என்று வழி சொன்னார். லியோனார்டு, ஃபில் என்ற செஸ் சகோதரர்கள் போலந்திலிருந்து குடியேறிய யூதர்கள். கறுப்பர்களின் பாட்டையே மூலதனமாக வைத்துத் தொழில் நடத்தியவர்கள்.

பெர்ரி சில பாட்டுகளை வீட்டிலேயே நாடாவில் பதிந்து எடுத்துக்கொண்டு மறுபடி வந்தார். அவர் நம்பியிருந்தது 'வீ வீ அவர்ஸ்' என்ற புளூஸ் பாட்டை. புளூஸ் கம்பெனிக்குப் புளூஸ்தானே பிடிக்கும் என்பது அவர் கணக்கு. ஆனால் செஸ்ஸின் காது நின்றது இன்னொரு பாட்டில். அது 'ஐடா ரெட்' என்ற பழைய குடியானவர் பாட்டின் சாயலில் கட்டியது. 1938-ல் பாப் வில்ஸ் கோஷ்டியார் அந்தப் பழைய பாட்டை இசைத்தட்டில் கொடுத்துப் பிரபலப்படுத்தியிருந்தார்கள். கறுப்பன் ஒருவன் குடியானவர் பாட்டைப் புளூஸ் தாளத்தில் பாடுகிறான் என்ற விந்தையில் செஸ் பணத்தின் வாசனையைக் கண்டுகொண்டார். பெயரை மட்டும் மாற்றச் சொன்னார்.

'மேபலீன்' என்ற பெயர் வந்த விதத்தைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. பதிவு அறையில் கிடந்த கண்மைப் பெட்டியின் மேலிருந்த பெயரை எடுத்து, எழுத்தைச் சிறிது மாற்றி வைத்துக்கொண்டார்கள் என்பது ஜான்ஸன் தரப்பு. பால்யத்தில் படித்த பாட புஸ்தகத்தில் வந்த ஒரு பசுமாட்டின் பெயர் அது என்பது பெர்ரி சொன்னது. கண்மையா, பசுவா என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. சிகையலங்காரம் கற்றவருக்குக் கண்மைப் பெட்டியின் பெயர் தெரியாமல் இருந்திராது என்பதை மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறோம்.

மே 21-ந் தேதி பதிவு நடந்தது. கிதாரும் குரலும் பெர்ரி, பியானோ ஜான்ஸன், பெரிய பிடில் போன்ற பேஸ் வாத்தியம் வில்லி டிக்ஸன். பெர்ரி நம்பிய 'வீ வீ அவர்ஸ்' தட்டின் மறுபக்கத்துக்குப் போயிற்று.

இரவு ரேடியோ

தட்டு தயாராகிவிட்டால் போதுமா? ரேடியோவில் வைக்க வேண்டுமே! நியூயார்க்கில் ஆலன் ஃபிரீட் என்ற வெள்ளைக்காரர் இரவு நேரத்தில் இசைத்தட்டு நிகழ்ச்சி நடத்திவந்தார். முன்பு கிளீவ்லாந்து நகரத்தில் இருந்தபோதே கறுப்பர்களின் பாட்டை வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பழக்கியவர். 'ராக் அண்டு ரோல்' என்ற சொல்லை ஊரெங்கும் பரப்பியவரும் அவரே. அவர் தட்டை எடுத்து ஒரே இரவில் இரண்டு மணி நேரம் திரும்பத் திரும்ப வைத்தார் என்று செஸ் கம்பெனியார் பிற்காலத்தில் சொல்லிவந்தார்கள்.

ஜூலையில் தட்டு கடைக்கு வந்தது. கறுப்பர் பட்டியலில் முதல் இடத்துக்குப் போய்ப் பல வாரங்கள் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பொதுப் பட்டியலில் ஐந்தாவது இடம். வழக்கப்படி வெள்ளையர் சிலரும் அதைத் திருப்பிப் பாடி வெளியிட்டார்கள். நாட்டுப்புறப் பாடகர் மார்ட்டி ராபின்ஸ்கூடப் பாடினார். ஆனால் இந்தத் தடவை பொதுப் பட்டியலில் அசலை எந்த நகலும் முந்தவில்லை. அதுதான் புதுமை. மூன்று அலமாரிகளுக்கும் உரிய பாட்டாக அது இருந்தது. பழைய குடியானவர் மெட்டு, புளூஸ் கிதார், மோட்டாரும் காதலும் கலந்த கதை! அமெரிக்க வாலிபனுக்கு வேறென்ன வேண்டும்?

அந்த மாதங்கள் எப்படிப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடங்களில் இன வாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது சட்ட விரோதம் என்று அமெரிக்க உச்ச நியாயஸ்தலம் 1954-ல் தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு காகிதத்தில் இருந்தது. 1955 ஆகஸ்டு 28-ந் தேதி, மேபலீன் ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில், எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்புச் சிறுவனை மிஸ்ஸிஸிப்பி மாகாணத்தில் வெள்ளையர் அடித்துக் கொன்றார்கள். வெள்ளைப் பெண் ஒருத்தியிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டான் என்பது சாட்டப்பட்ட குற்றம். டிஸம்பர் முதல் தேதி மாண்ட்காமரி நகரில் ரோஸா பார்க்ஸ் அம்மையார் பஸ்ஸில் ஆசனத்தை விட்டு எழுந்திருக்க மறுத்தார். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் வெள்ளைக்காரப் பெண்கள் ஒரு கறுப்பு வாலிபரின் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் சிலர் பதறியதில் ஆச்சரியம் இல்லை.

குரலைக் கேட்டுப் பாடகர் வெள்ளையர் என்றே நினைத்துக்கொண்டவர்களும் உண்டு. டென்னெஸி மாகாணத்து நாக்ஸ்வில் நகரில் ஒரு நடனக் கச்சேரிக்குப் போனபோது, இவர் கறுப்பர் என்று கண்டதும் உள்ளே விடவில்லை என்று பெர்ரி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். உள்ளே வெள்ளையர் கோஷ்டி வாசித்தது. பாட்டுக்கு உரியவர் வெளியே மோட்டாரில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு பல ஊர்களில் கச்சேரி மண்டபத்தில் நடுவே கயிறு கட்டி, ஒரு புறம் வெள்ளையர், மறு புறம் கறுப்பர் என்று பிரிப்பார்கள். பாட்டு சூடு பிடித்ததும் பிள்ளைகள் கயிற்றை மறந்துவிடுவார்கள்.

ஒரு கணக்கு

இனி அந்த மூன்று பெயர்களுக்கு வருவோம். தட்டில் அச்சாகியிருந்தவை பெர்ரி, ஃபிராட்டோ, ஃபிரீட். ஃபிரீட் யார் என்று பார்த்தோம். ரஸ் ஃபிராட்டோ என்பவர் சிகாகோவில் செஸ் கம்பெனிக்கு வேண்டியவர். பாட்டுக்கும் அவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ரேடியோக்காரருக்கு ரொக்கமாகக் கொடுத்தால் லஞ்சம் என்று பெயர் வரும். ஆசிரியர் பெயரில் பங்கு கொடுத்தால் அது உரிமை ஆகிவிடுகிறது! விற்பனை பெருகப் பெருக அவருக்கும் வரும். ஆகவே அவரும் தட்டை ஓயாமல் வைப்பார். சூதின் அழகே அதுதான். பெர்ரிக்கு இந்த விஷயம் முதலில் தெரியாது. பிற்பாடு கேட்டபோது, பெரிய மனிதர் பெயர் இருந்தால் பாட்டுக்குக் கௌரவம் என்று சமாதானம் சொன்னார்களாம்.

பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி ஒரு தட்டில் ஒரு பாட்டுக்கு ஆசிரியர் உரிமைத் தொகை 2 ஸெண்டு. 1909-ல் ஏற்பட்ட இந்த விகிதம் 1977 வரையில் மாறவே இல்லை. பத்து லட்சம் தட்டுக்கு இருபது லட்சம் ஸெண்டு, அதாவது 20,000 டாலர். வழக்கப்படி இதில் பாதி பிரசுர கர்த்தாவுக்குப் போகும். பிரசுர கர்த்தா 'ஆர்க்' கம்பெனி. அதன் சொந்தக்காரர்களில் செஸ் சகோதரர்களும் இருந்தார்கள். மீதி 10,000 டாலர். அதை மூவரும் சமமாகப் பங்கிட்டால் பாட்டை எழுதியவர் கையில் விழுவது 3,333 டாலர். இது ஒரு தட்டு ஒரு தடவை விற்றதற்கான கணக்கு. அந்தப் பாட்டை வேறொருவர் பாடினாலும், திரும்ப அச்சிட்டாலும், ஒவ்வொரு தடவையும் இதே பங்குதான். இப்படி முப்பத்தொரு வருஷம்.

ஃபிரீடை முழுக்க வில்லனாகத் தீட்டிவிட்டு நாம் போய்விடலாம். ஆனால் அது நியாயமாகாது. வெள்ளையர் பாடிய நகலை விட்டு, கறுப்பர் பாடிய அசல் தட்டையே வைப்பேன் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். அவர் இல்லாவிட்டால் மேபலீன் சிகாகோவைத் தாண்டியிருக்குமோ என்னவோ. கதவைத் திறந்தவரும் அவர். திறந்த கைக்குக் கூலியாக வீட்டிலே பங்கு கேட்டவரும் அவர். தட்டு வைப்பதற்கு லஞ்சம் வாங்கியதாக 1959-ல் அமெரிக்காவில் பெரிய விசாரணை கிளம்பியபோது அவருடைய வேலை போயிற்று. 1962-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டாலர் அபராதம் கட்டினார். 1965-ல், நாற்பத்துமூன்றாவது வயதில் இறந்தார்.

பிறகு

பெர்ரியின் அடுத்த வருஷங்கள் நேயர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 'ரோல் ஓவர் பீத்தோவன்' 1956-ல், 'ஸ்கூல் டே' 1957-ல், 'ஜானி பி. குட்' 1958-ல். 'ஸ்கூல் டே' பாட்டில், மணி அடிக்குமா என்று காத்திருந்து, அடித்ததும் புஸ்தகத்தைப் போட்டுவிட்டு ஓடுகிற பிள்ளைகளை முப்பது வயதுக்காரர் ஒருவர் எவ்வளவு அச்சாகப் பிடித்திருக்கிறார் என்பதை எங்களைப் போன்ற உபாத்தியாயர்கள்தாம் சரியாக மதிப்பிட முடியும். கூட்டத்தில் யார் காசு கொடுத்துத் தட்டு வாங்குகிறார்கள் என்று அவர் கணக்கிட்டு எழுதினார். கணக்கிட்டு எழுதியும் அதில் உயிர் இருந்தது.

இருண்ட பக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. 1959-ல் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியை மாகாண எல்லை கடத்தி அழைத்துவந்த வழக்கில் கைதானார். முதல் விசாரணையில் நீதிபதியின் பேச்சில் நிறத் துவேஷம் இருந்ததென்று அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. இரண்டாவது விசாரணையிலும் குற்றவாளி என்றே ஏற்பட்டு, 1962 பிப்ரவரியிலிருந்து 1963 அக்டோபர் வரை சிறையில் இருந்தார். நீதிபதியின் துவேஷம் ஓர் அநீதி. சிறுமியின் வயது ஓர் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க முடியாது.

அவர் சிறையில் இருந்த காலத்தில் அவர் பாட்டு வெளியே சுதந்திரமாக உலாவிற்று. கலிபோர்னியாவில் 'பீச் பாய்ஸ்' கோஷ்டியார் அவருடைய 'ஸ்வீட் லிட்டில் ஸிக்ஸ்டீன்' மெட்டை எடுத்து 'ஸர்ஃபின் யு.எஸ்.ஏ.' என்று 1963-ல் பாடினார்கள். உரிமை பின்பு ஆர்க் கம்பெனிக்கே வந்தது. இங்கிலாந்தில் 'பீட்டில்ஸ்' பையன்கள் அவருடைய பாட்டுகளைப் பாடிப் பெயர் வாங்கினார்கள். 1977-ல் அமெரிக்கர்கள் 'வாயேஜர்' என்ற இரண்டு விண்கலங்களை அனுப்பியபோது, அவற்றில் வைத்த பொன் பூச்சுத் தட்டில் 'ஜானி பி. குட்' பாட்டும் இடம் பெற்றது. அதே தட்டில் நம் நாட்டு கேஸர்பாய் கேர்கர் அம்மையாரின் பைரவியும் இருக்கிறது. பாக், பீத்தோவன், கேஸர்பாய், சக் பெர்ரி! நல்ல கச்சேரிதான், கேட்பதற்கு யார் இருக்கிறார்களோ! ஜனங்களின் ரஸனையோ விநோதமானது. இவருடைய பாட்டுகளில் பொதுப் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தது ஒன்றே ஒன்று. 1972-ல் வந்த, இரட்டை அர்த்தமுள்ள ஒரு வேடிக்கைப் பாட்டு. அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் அதிகம் சொல்லாமல் விடுவதே உசிதம்.

பணத்தில் அவர் காட்டிய கெடுபிடி ஊரறிந்தது. மேடையேறுமுன் பேசிய தொகையை ரொக்கமாக எண்ணி வைக்க வேண்டும். சொந்த கோஷ்டி கிடையாது; கிதாரை மட்டும் எடுத்துக்கொண்டு தனியே வருவார்; அந்தந்த ஊரில் கிடைக்கும் வாத்தியக்காரர்களை வைத்துக் கச்சேரியை முடித்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார். ரொக்க வியாபாரம் வருமானவரி அதிகாரிகளின் கண்ணில் படாமல் இருக்குமா? 1979-ல் அதற்கும் நான்கு மாதச் சிறை வாய்த்தது. கஞ்சன் என்று பலர் ஏசினார்கள். முதல் பாட்டிலேயே இரண்டு அன்னியர் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து அச்சடித்திருப்பதைக் கண்ட மனிதர், பிறகு காகிதத்தை நம்பாமல் கையில் விழுந்த நோட்டை மட்டும் நம்பினார் என்றே நாம் எண்ணுகிறோம். கஞ்சத்தனம் என்று ஒரே சொல்லில் அதை முடித்துவிட மனம் வரவில்லை.

1986-ல் மேபலீன் பாட்டின் முழு உரிமையும் அவருக்குத் திரும்பிற்று. அதே வருஷத்தில் 'ராக் அண்டு ரோல்' மேதைகளுக்கென்று ஏற்பட்ட கீர்த்தி மண்டபத்தில் முதல் வரிசையில் அவரைச் சேர்த்தார்கள். மறு வருஷம் சுயசரிதையும், அவரைப் பற்றிய சினிமாப் படமும் வெளிவந்தன.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம். 2000-ஆம் வருஷத்தில் ஜானி ஜான்ஸன் நியாயஸ்தலத்துக்குப் போனார். ஐம்பதுக்கு மேற்பட்ட பாட்டுகளில் சங்கீதத்தைச் சேர்ந்து அமைத்தவர் தாம் என்றும், உரிமை முழுவதையும் பெர்ரி தம் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார் என்றும் வாதாடினார். காலம் கடந்து போயிற்று என்ற காரணத்தால் 2002-ல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. யார் சொல்வது உண்மை என்று நியாயஸ்தலம் தீர்மானிக்கவேயில்லை. சொற்களை எழுதியவர் பெர்ரி என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. பியானோவில் ஒருவர் வாசிக்க, கிதாரில் ஒருவர் பிடித்துக்கொள்ள, இரவு இரவாக விடுதியில் உருவான மெட்டு யாருடையது என்பதற்குச் சட்ட புஸ்தகத்தில் எளிய விடை கிடையாது. ஜான்ஸன் 2005-ல் காலமானார். வழக்குக்குப் பிறகும் இருவரும் விரோதிகளாகப் பிரிந்துவிடவில்லை என்பது அவர்களைப் பற்றி நமக்கிருக்கும் மதிப்பை உயர்த்துகிறது.

பெர்ரி தம் எண்பத்தெட்டாவது வயது நெருங்கும் வரை, ஸெயிண்ட் லூயியில் 'புளூபெரி ஹில்' என்ற உணவு விடுதியில் மாதம் ஒரு கச்சேரி செய்துவந்தார். 2017 மார்ச்சு 18-ந் தேதி, தொண்ணூறாவது வயதில் மறைந்தார். மேபலீன் தட்டு கிடைப்பவர்கள் அந்த மோட்டார்ப் பந்தயத்தைக் கேட்டுவிட்டு, மறுபக்கத்தையும் ஒரு தடவை போட்டுக் கேட்கலாம். 'வீ வீ அவர்ஸ்' என்ற அந்த நள்ளிரவுப் பாட்டில் கிதார் அடங்கிப் போகிறது. ஜான்ஸனின் பியானோ நன்றாகக் கேட்கிறது.